ஒரு பெலாரஸ் சிற்றூரின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

பெலாரஸின் நடுப்பகுதியிலும் மேற்கிலும் உள்ள பழைய சிற்றூர்களில் அடிக்கடி ஒரே அமைப்பைப் பார்க்கலாம். நூல் பிடித்தாற்போல் நீளமாக ஒரே ஒரு தெரு. அதை ஒட்டி, குறுகிய பக்கத்தைத் தெருவுக்குக் காட்டியபடி நிற்கும் மர வீடுகள். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், அதற்கும் பின்னால் வயல். குறுக்குச் சந்துகள் அரிது. ஊர் தானாக வளர்ந்திருந்தால் இப்படி நேராக வளராது. யாரோ அளந்து கோடு போட்டு மக்களைக் குடியேற்றியிருக்கிறார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் புரியும்.

அந்தக் கோட்டைப் போட்டது 1557-இல் தொடங்கிய நில அளவை. ஒரு பெலாரஸ் கிராமத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'வலோகா'. அது ஒரு நில அளவு. ஊரின் அமைப்பு, வரி, குடும்பங்களின் பிரிவு, பின்னாளின் பட்டினி எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள அதுதான் திறவுகோல்.

வலோகா என்றால் எவ்வளவு?

அப்போது இந்த நிலம் 'லித்துவேனியப் பெரும் டச்சி' என்ற அரசின் பகுதி. ஆட்சியில் இருந்தவர் இரண்டாம் சிகிஸ்முண்ட் அகஸ்ட். அவருடைய தாய் போனா ஸ்போர்சா பின்ஸ்க், கோப்ரின் பக்கத்துத் தன் சொத்துகளில் முன்பே இந்த முறையைச் சோதித்துப் பார்த்திருந்தார். 1557 ஏப்ரல் 1-ஆம் தேதி 'வலோகாச் சட்டம்' வெளியானதும் அரச நிலங்கள் முழுவதும் அளக்கப்பட்டன. பிரபுக்களும் பிறகு அதையே பின்பற்றினார்கள்.

அளவு முறை இப்படி. அடிப்படைக் கோல் 'ப்ரூட்', ஏறத்தாழ 4.87 மீட்டர். பத்து ப்ரூட் சேர்ந்தால் ஒரு 'ஷ்னூர்', அதாவது அளவுக் கயிறு, 48.7 மீட்டர். முந்நூறு சதுர ப்ரூட் ஒரு 'மோர்க்', சுமார் 0.71 ஹெக்டேர். முப்பது மோர்க் ஒரு வலோகா, சுமார் 21.36 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் ஐம்பத்திரண்டே முக்கால். சில இடங்களில் 33 மோர்க்கையும் ஒரு வலோகாவாக எடுத்தார்கள். அதனால் பழைய ஆவணத்தில் 'இத்தனை வலோகா' என்று பார்த்தவுடன் ஹெக்டேருக்கு மாற்றிவிடாமல், அந்தப் பண்ணை எந்தக் கணக்கைப் பயன்படுத்தியது என்று அதே ஆவணத்தின் முதல் பக்கங்களில் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்த முப்பது மோர்க்கும் ஒரே துண்டாகக் கிடைக்கவில்லை. ஊர் நிலம் முழுவதும் மூன்று பெரிய வயல்களாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றில் குளிர்காலக் கம்புப்புல் (ரை), ஒன்றில் ஓட்ஸும் பார்லியும், ஒன்று தரிசு. ஆண்டுதோறும் இவை முறை மாறும். ஒவ்வொரு வயலிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து மோர்க் கொண்ட ஒரு பட்டை. எல்லோரும் ஒரே சமயத்தில் உழுது, விதைத்து, அறுக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் ஊர் மாடுகள் எல்லாம் சேர்ந்து மேயும். நான் மட்டும் வேறு பயிர் வைக்கிறேன் என்று யாராலும் சொல்ல முடியாது. வீடுகளை நடு வயலில் வரிசையாக அமைத்தார்கள். தெருவின் ஒரு பக்கம் வீடு, எதிர்ப்பக்கம் கதிரடிக்கும் கொட்டகையும் களஞ்சியமும். வைக்கோலில் தீப்பிடித்தாலும் வீடு பிழைக்கட்டும் என்பது அதன் பயன். நாம் முதலில் பார்த்த நேர்த்தெரு இங்கிருந்துதான் வருகிறது.

கிழக்கில், தினேப்பர் ஆற்றுப் பக்கம், இந்த அளவை தாமதமாகவும் அரைகுறையாகவுமே நடந்தது. அங்கே தெரு வளைந்து, வீடுகள் கும்பலாக இருந்தால் வியப்பில்லை.

அளந்தது யாருக்காக?

அளவைக்கு முன்பு வரி வீட்டுக் கணக்கில் இருந்தது. அதன் அலகு 'தீம்', அதாவது புகை. ஓர் அடுப்பின் புகை என்றால் ஒரு குடும்பம். தேன், தோல், தானியம் என்று கொடுத்துவந்தார்கள். யாரிடம் எவ்வளவு நிலம் என்பது ஊருக்குத் தெரியும், கருவூலத்துக்குத் தெரியாது. வலோகா வந்ததும் அது மாறியது. நல்ல நிலம் ஒரு வலோகாவுக்கு ஆண்டுக்கு 21 குரோஷ் (அக்கால நாணயம்), நடுத்தரத்துக்கு 12, மட்டத்துக்கு 8, மிக மட்டத்துக்கு 6. இதோடு ஓட்ஸ், வைக்கோல், ஒரு வாத்து, இரண்டு கோழி, இருபது முட்டை. பண்ணையில் வேலை செய்யக் கடமைப்பட்ட குடும்பம் வாரத்துக்கு இரண்டு நாள் உழைப்பும் தர வேண்டும். ஒரு நாள் வராவிட்டால் ஒரு குரோஷ், இரண்டாம் நாளும் வராவிட்டால் ஓர் ஆட்டுக்கடா, மூன்றாம் நாள் பெஞ்சில் படுக்கவைத்துச் சாட்டையடி என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது.

பண்ணை நிலத்தின் ஒரு வலோகாவை உழுவதற்கு ஏழு குடியானவ வலோகாக்கள் என்று கணக்கு. இந்தப் பண்ணைதான் 'ஃபல்வாரக்'. கிராமத்தைத் தேடுபவர் அதன் ஃபல்வாரக் எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. பழைய காலத்தில் கிராமத்துக்கென்று தனிக் கோப்பு கிடையாது, பண்ணைக்குத்தான் இருந்தது.

காலப்போக்கில் என்ன நடந்தது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். பத்து மோர்க் பட்டை என்றால் 7.1 ஹெக்டேர். வயலின் நீளம் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பட்டையின் அகலம் 71 மீட்டர். நான்கு பிள்ளைகள் பங்கு போட்டால் ஆளுக்குச் சுமார் 18 மீட்டர். அவர்களுடைய பிள்ளைகள் நால்வராகப் பிரித்தால் நாலரை மீட்டர், குதிரையும் கலப்பையும் திரும்புவதற்கே திண்டாடும் அகலம். நிலம் அதேதான், வரப்பு மட்டும் பெருகிக்கொண்டே போனது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பண்ணைப் பட்டியல்களில் அரை வலோகா, கால் வலோகா, அரைக்கால் வலோகா என்று வருவதன் பின்னால் இந்த நெருக்கடி இருக்கிறது.

பெயரே முதல் ஆவணம்

சிறிய ஊர் என்றால் பெயரிலிருந்து தொடங்குவது நல்லது. 'ஸ்லபடா' அல்லது 'வோல்யா' என்று வந்தால், புதிதாகக் குடியேறியவர்களுக்குச் சில ஆண்டுகள் வரி விலக்கு கொடுத்து உருவாக்கிய ஊர். 'ருட்னியா' என்றால் சதுப்பு நிலத்து இரும்புத் தாதை உருக்கிய இடம். 'ஹூட்டா' கண்ணாடிப் பட்டறை. 'புடா' காட்டு மரத்தை எரித்துச் சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுத்த இடம். 'இச்சி' என்று முடியும் பெயர்கள் ஒரு மூதாதையின் பெயரிலிருந்து கிளைத்தவை, பெரும்பாலும் பழையவை.

'சாஸ்த்யெனக்' என்ற சொல்லுக்குத் தனிக் கவனம் வேண்டும். 'ஸ்த்யானா' என்பது அளந்த நிலத்தின் எல்லைக்கோடு. கோட்டுக்கு வெளியே மிஞ்சிய துண்டு நிலத்தில் குடியேறிய சிறு குடியிருப்புதான் சாஸ்த்யெனக். அங்கே பெரும்பாலும் ஏழைப் பிரபுக்குலத்தார் வாழ்ந்தார்கள். பக்கத்துக் குடியானவரைப் போலவே தாங்களே உழுதார்கள், ஆனால் அடிமைகள் அல்லர். ஒரே இடத்தில் ஊரும் சாஸ்த்யெனக்கும் ஒரே பெயரில் அடுத்தடுத்து இருப்பதுண்டு. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் முழுக் குடும்ப வரலாறும் தடம் மாறிவிடும்.

பெயரில் இன்னொரு சிக்கல் மொழி. பெலாரஸ் மொழியில் 'பியாரோசவ்கா', போலந்து ஆவணத்தில் 'ப்ஷோசுவ்கா', ரஷ்ய ஆவணத்தில் 'பெர்யோசவ்கா'. மூன்றும் பிர்ச் மரத்தைக் குறிக்கும் ஒரே பெயர். இதே பெயரில் நாடு முழுக்கப் பல ஊர்கள் உள்ளன. ஆகவே ஊர்ப் பெயரோடு எந்தத் திருச்சபைப் பங்கு, எந்த வோலஸ்த் (பல ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு), எந்த உயேஸ்த் (மாவட்டம்) என்பதையும் சேர்த்தே குறித்துவைக்க வேண்டும். சோவியத் காலத்தில், குறிப்பாக 1964-இல், பல ஊர்களின் பெயரை அரசு மாற்றியதும் தேடலைக் குழப்பும். இன்றைய வரைபடத்தில் பெயர் இல்லை என்பதால் ஊர் இல்லாமல் போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

ஆட்களை எண்ணிய பட்டியல்கள்

1772, 1793, 1795 ஆண்டுகளின் பிரிவினைகளில் பெலாரஸ் நிலம் ரஷ்யப் பேரரசுக்குப் போனது. தலைவரி வாங்க ஆட்களை எண்ணினார்கள். அந்தப் பட்டியல்கள் 'ரெவீசியா' எனப்படும். நமக்குப் பயன்படுபவை 1795, 1811, 1816, 1834, 1850, 1858 ஆண்டுகளுக்கு உரியவை. 1811 பட்டியலில் ஆண்கள் மட்டுமே. இவற்றில் எஞ்சியவை பெரும்பாலும் மின்ஸ்க்கிலும் கிரோட்னோவிலும் உள்ள தேசிய வரலாற்று ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன.

படிக்கும் முறை எளிது. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். ஆண்கள் பக்கத்தில் வீட்டு எண், பெயர், முந்தைய கணக்கெடுப்பின்போது வயது, இடையில் இல்லாமல் போனவர் எப்போது எப்படிப் போனார், இப்போது வயது. ஒரு பையனுக்கு 1834-இல் 12 வயது என்றால், 1850 பட்டியலில் பழைய வயது 12, புதிய வயது 28 என்று வர வேண்டும். 28-க்குப் பதிலாக '1843-இல் படைக்கு எடுக்கப்பட்டார்' என்று இருந்தால் அவர் திரும்பி வந்திருக்க வாய்ப்பு குறைவு. அக்காலப் படைச் சேவை இருபது ஆண்டுகளுக்கும் மேல். இப்படி ஒவ்வொரு வீட்டையும் இரண்டு பட்டியல்களில் அடுத்தடுத்து வைத்து ஒட்டிப் பார்ப்பதுதான் வேலை. வயதில் இரண்டு மூன்று ஆண்டு முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டாம், எழுதியவர் கேட்டதை எழுதினார். பத்து ஆண்டு வித்தியாசம் என்றால் வேறு ஆள்.

பெண்கள் பக்கத்தில் இப்போதைய வயது மட்டும்தான். கல்யாணமாகி வேறு ஊர் போன பெண் அடுத்த பட்டியலில் சும்மா காணாமல் போயிருப்பாள், எங்கே போனாள் என்று ஒரு சொல்லும் இருக்காது. அவளைத் தேட வேண்டிய இடம் கோயில் திருமணப் பதிவேடு.

இந்தப் பட்டியல்களில் யார் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஊர் எல்லையில் சாராயக் கடையும் சத்திரமும் சேர்ந்த 'கார்ச்மா'வைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய யூதக் குடும்பம் கிராமப் பட்டியலில் வராது. யூதர்கள் தங்கள் சமூகக் கணக்கில் தனியாகப் பதிவானார்கள். பிரபுக்குலத்தாருக்கும் தனிப் பட்டியல். ஆக, பண்ணைக் குடியானவர் பட்டியல் ஒன்றை மட்டும் பார்த்து 'இந்த ஊரில் இத்தனை பேர்' என்று எழுதுவது தவறு.

கோயில் பதிவேடுகளில் 1839 ஒரு பெரிய பிளவு. அதுவரை பெலாரஸ் குடியானவரில் பெரும்பாலோர் யூனியேட் திருச்சபையினர், அதாவது கிழக்கத்திய வழிபாட்டோடு போப்பாண்டவரை ஏற்றவர்கள். அந்த ஆண்டு அத்திருச்சபை கலைக்கப்பட்டு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையோடு இணைக்கப்பட்டது. முந்தைய பதிவேடுகள் பெரும்பாலும் போலந்து மொழியில், பிந்தையவை ரஷ்யத்தில். 'யான்' திடீரென்று 'இவான்' ஆவார், 'தோமாஷ்' 'ஃபோமா' ஆவார். புதியவர் யாரும் குடிவரவில்லை, எழுதிய கை மாறியது. தேதிகளும் ஜூலியன் நாட்காட்டியில் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேதியோடு 12 நாளைக் கூட்டினால் இன்றைய தேதி வரும், 1900 மார்ச்சுக்குப் பிறகு 13 நாள்.

இன்னொரு வழக்கம் பலரைத் தடுமாற வைக்கும். மனைவி வீட்டோடு வந்து தங்கும் மருமகனுக்குப் 'பிரிமாக்' என்று பெயர். ஊர் அவரை மாமனார் வீட்டுப் பெயரால் அழைக்கும், சில நேரம் பதிவேட்டிலும் அப்படியே ஏறிவிடும். ஒரே குடும்பத்தில் இரண்டு குடும்பப்பெயர் தென்பட்டால் பிரிமாக் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

விடுதலை, ஹூத்தர், அகதிகள்

1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் சும்மா கிடைக்கவில்லை, தவணையில் விலை கட்ட வேண்டும். ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863 எழுச்சிக்குப் பிறகு அரசு பிரபுக்களை நம்பாமல் குடியானவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. பெலாரஸ் பகுதிகளில் தவணைத் தொகை 20 சதவீதம் குறைந்தது, பிரபுக்கள் நிலத்தைக் குடியானவருக்கு விற்பதும் கட்டாயமானது. இந்த நேரத்தில் ஒவ்வொரு ஊருக்கும் தயாரான பத்திரங்களில் வீடு, நிலம், புல்வெளி, காட்டில் மேய்க்கும் உரிமை எல்லாம் இருக்கும். சிறிய ஊருக்குக் கிடைக்கக்கூடிய மிக விரிவான ஆவணம் இதுதான் என்பது என் கருத்து.

1906-க்குப் பிறகு ரஷ்யப் பிரதமர் ஸ்தலீப்பின் கொண்டுவந்த சீர்திருத்தம் பட்டைகளை ஒன்றுசேர்த்துத் தனிப் பண்ணை அமைக்க ஊக்கம் தந்தது. ஊரை விட்டுத் தன் நிலத்தின் நடுவே வீடு கட்டிக்கொண்டால் அது 'ஹூத்தர்'. வீத்தெப்ஸ்க், மொகிலியோவ் பக்கம் இது அதிகம்.

1915-இல் ஜெர்மானியப் படை முன்னேற, கிரோட்னோ, வில்னா, மின்ஸ்க் மாகாணங்களின் மேற்குப் பகுதியிலிருந்து ஏராளமான குடும்பங்கள் மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் கட்டிக்கொண்டு கிழக்கே ரஷ்யாவின் உட்பகுதிகளுக்குப் போயின. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்கள் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு. 1910-க்கும் 1921-க்கும் இடையே ஒரு ஊரின் பாதிப் பெயர்கள் மறைந்திருந்தால் காரணத்தை இங்கே தேடுங்கள்.

1921 மார்ச் 18-ஆம் தேதி ரீகா உடன்படிக்கை நாட்டை இரண்டாகப் பிளந்தது. ஊர் எந்தப் பக்கம் விழுந்தது என்பதைப் பொறுத்து அடுத்த முப்பது ஆண்டு வரலாறு வேறு. கிழக்கே சோவியத் ஆட்சி, 1929 முதல் கூட்டுப்பண்ணை. மேற்கே 1939 வரை போலந்து ஆட்சி, கூட்டுப்பண்ணை பெரும்பாலும் 1940-களின் கடைசியில்தான். வரைபடமும் அப்படியே பிரியும். மேற்குக்குப் போலந்து ராணுவ நிலவியல் நிறுவனத்தின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவு வரைபடம், கிழக்குக்குச் செம்படை வரைபடங்கள். இரண்டுக்கும் முந்தையது பத்தொன்பதாம் நூற்றாண்டின் 'மூன்று வெர்ஸ்த்' வரைபடம் (வெர்ஸ்த் ஒரு ரஷ்ய நீள அளவு). ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் வீடுகளின் எண்ணிக்கையும் அதில் இருக்கும்.

ஹாத்தின்: 26 வீடுகள்

மின்ஸ்க்குக்கு வடக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில், லகோய்ஸ்க் மாவட்டத்தில், ஹாத்தின் என்று 26 வீடுகள் கொண்ட ஊர் இருந்தது. 1943 மார்ச் 22 காலை அருகில் சாலையில் சென்ற ஜெர்மானிய வாகன அணியைக் கெரில்லாக்கள் தாக்கினார்கள். கொல்லப்பட்டவர்களில் 1936 ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் தங்கம் வென்ற ஹான்ஸ் வோல்க்கேயும் ஒருவர். அன்றே ஜெர்மானியர் கீழ் இயங்கிய 118-ஆம் துணைப்போலீஸ் பட்டாலியனும் டிர்லேவாங்கர் படைப்பிரிவும் ஊரைச் சூழ்ந்தன. எல்லோரையும் ஒரு கொட்டகைக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள், வெளியே ஓடி வந்தவர்களைச் சுட்டார்கள். 149 பேர் இறந்தார்கள், அவர்களில் 75 பேர் குழந்தைகள். பெரியவர்களில் அந்தத் தீயிலிருந்து உயிர்தப்பியவர் கொல்லர் யோசிஃப் கமின்ஸ்கி.

1969 ஜூலை 5-ஆம் தேதி அங்கே நினைவிடம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு வீடும் நின்ற இடத்தில் அடிக்கட்டையின் முதல் வரிசையைக் கான்கிரீட்டில் அமைத்திருக்கிறார்கள். திறந்த வாயிற்கதவு. நடுவே புகைபோக்கி வடிவில் ஒரு தூண், அதன் உச்சியில் மணி. முப்பது நொடிக்கு ஒருமுறை மணிகள் ஒலிக்கின்றன. தூணின் பலகையில் அந்த வீட்டில் வாழ்ந்தவர்களின் பெயர்கள், பிள்ளைகள் என்றால் வயதும் உண்டு. ரெவீசியாப் பட்டியலைப் படித்துப் பழகியவருக்கு அதன் அமைப்பு உடனே புரியும்: வீடு, பெயர், வயது. ஆனால் அடுத்த கணக்கெடுப்பு என்று ஒன்று இல்லை. வரிக்காகவோ படைக்காகவோ அல்லாமல், அந்த மக்களுக்காகவே எழுதப்பட்ட வீட்டுப் பட்டியல் இது.

ஹாத்தினைப் போல எரிக்கப்பட்டு மீண்டும் எழாத மேலும் 185 ஊர்களின் மண் அங்கே பேழைகளில் வைக்கப்பட்டிருக்கிறது. எரிந்து பிறகு மீண்ட 433 ஊர்களின் பெயர்கள் தனியாக உள்ளன. தேடுபவர் இங்கே ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். ஹாத்தின் வேறு, ரஷ்யாவின் ஸ்மலென்ஸ்க் அருகே உள்ள காத்தின் வேறு. 1940-இல் சோவியத் காவல்துறை போலந்து அதிகாரிகளைக் கொன்ற இடம் காத்தின். பெயர் ஒலி ஒத்திருப்பதால் இணையத்தில் இரண்டின் படங்களும் தகவல்களும் கலந்து கிடக்கின்றன.

போருக்குப் பிறகு

1934 முதல் கிராம சபைகள் வீட்டுக் கணக்கேடு வைத்திருந்தன. குடும்பத்தினர் பெயர், பிறந்த ஆண்டு, மாடு எத்தனை, தோட்டம் எவ்வளவு என்று எழுதப்பட்டது. மேற்கே இது சோவியத் ஆட்சி வந்த பிறகு. போரில் பல ஏடுகள் எரிந்துபோனதால் 1940-களின் நடுவிலிருந்தே தொடர்ச்சியாகக் கிடைக்கும். போரில் இறந்த ஊராரின் பெயர்களை அறிய மாவட்ட வாரியாக வெளியான நினைவுத் தொகுதிகள் உதவும். மாவட்ட நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

1960-களிலும் 70-களிலும் 'வளர்ச்சிக்கு வாய்ப்பில்லாதவை' என்று வகைப்படுத்திய சிற்றூர்களில் பள்ளியும் கடையும் மூடின. இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். 2005-க்குப் பிறகு பெரிய கிராமங்கள் 'அக்ரோ நகரம்' என்று மேம்படுத்தப்பட, சின்ன ஊர்கள் இன்னும் வேகமாகக் காலியாயின.

ஒரு எச்சரிக்கை. பல கட்டுரைகள் 'இந்த ஊர் 1567-இல் நிறுவப்பட்டது' என்று தொடங்கும். அந்த ஆண்டில் ஏதோ ஒரு வரிப் பட்டியலில் ஊர்ப் பெயர் முதன்முதலாக வந்திருக்கும், அவ்வளவுதான். எழுதுபவர் 'முதல் எழுத்துக் குறிப்பு' என்று சொல்வதே சரி. ஊர் அதற்கு நூறு ஆண்டு முன்பே இருந்திருக்கலாம்.

தெற்கே கோமெல் பகுதியில் 1986 செர்னோபில் விபத்து ஊர்களை வேறு விதமாக முடித்தது. வீடுகள் நின்றன, ஆட்கள் போனார்கள். 1988-இல் அங்கே போலேசியக் கதிரியக்கச் சூழல் காப்பகம் அமைக்கப்பட்டது. சாதாரண நாட்களில் அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. ஆனால் ஈஸ்டர் முடிந்து ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, 'ராதுனித்சா' என்ற முன்னோர் நினைவு நாளில் பழைய ஊரார் தங்கள் கல்லறைகளுக்கு வர வழிவிடுகிறார்கள். துண்டு விரித்து, சாயம் பூசிய முட்டையையும் ரொட்டியையும் வைத்து, கல்லறையைச் சுற்றிக் குடும்பமாக உட்காருவார்கள். பட்டியலில் இல்லாதவை அங்கே கிடைக்கும்: எந்த வீட்டுக்கு எந்தப் பட்டப்பெயர், கிணறு எங்கே இருந்தது, எந்தப் பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள். 1858 பட்டியலின் நகலையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். வயதானவர்களிடம் முதலில் வீட்டு வரிசையைக் கேளுங்கள், தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. ஆண்டுகள் மறந்தவர்களுக்கும் அந்த வரிசை நினைவிருக்கும்.